டீசல் வறண்டுவிட்டதா? மசகுச் சேர்மானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் இதில் வந்து நிற்கும். "இப்ப வர்ற டீசல் சுத்தமா வறண்டு போச்சுண்ணே. கந்தகத்த எல்லாம் எடுத்துட்டான். ரெண்டு மூடி 2டி எண்ணெய் ஊத்தாட்டி பம்ப் போயிரும்." செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுபவர் இதைச் சொல்வார். 2டி என்பது டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய். தோட்டத்துப் பட்டறை ஃபோர்மேன் தலையாட்டுவார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதற்கென்றே மசகுச் சேர்மானம், அதாவது டீசலின் வழவழப்பைக் கூட்டக் கலக்கும் சரக்கை, ஒரு தட்டு நிறைய பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருப்பார். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதிலிருந்து, அந்தப் பாட்டில்களில் ஒட்டியிருக்கும் வாக்குறுதிகளை நம்பும் ஆசையும் கூடிவிட்டது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. டீசலுக்கு வழவழப்பு வேண்டும். கந்தகத்தை நீக்கும் வேலையில் அது குறைந்துபோனதும் உண்மைதான். ஆனால் 'அதனால் நான் பாட்டில் வாங்கியாக வேண்டும்' என்ற முடிவுக்கு அங்கிருந்து நேராகத் தாவ முடியாது. இடையில் சில படிகள் இருக்கின்றன. அதிலும் செம்பனைக்கு நடுவே குடியிருக்கும் நமக்குக் கணக்கு வேறு மாதிரி போகிறது.

பம்புக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

எஞ்சினுக்கு எஞ்சின் ஆயில் உண்டு, கியர் பெட்டிக்குக் கியர் ஆயில் உண்டு. டீசலை அழுத்தி நோசலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் முனைக்கு) அனுப்பும் பம்ப் இருக்கிறதே, அதன் உள்பாகங்கள் பெரும்பாலும் டீசலில்தான் நனைகின்றன. எரிய வேண்டிய எண்ணெயே உராய்வையும் தாங்க வேண்டும்.

அந்தப் பம்புக்குள் பிளஞ்சர் என்ற சிறு உருக்குத் தண்டு ஓர் உருளைக்குள் மேலும் கீழும் ஓடும். தண்டுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடுக்கில் ரப்பர் வளையமோ வேறு அடைப்போ கிடையாது. உலோகத்தின் நேர்த்தியான பொருத்தமே அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இப்போதைய ஹைலக்ஸ், டிமேக்ஸ் மாதிரி காமன் ரெயில் (எல்லா நோசலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டிகளில் 1,600 பார், அதற்கு மேலும்கூட அழுத்தம் ஏறும். லோரி டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 8 பார்தான்.

எல்லாப் பம்பும் இதில் ஒன்றல்ல. பழைய லோரிகளில் வரிசையாக நாலு, ஆறு பிளஞ்சர் நிற்கும் 'இன்லைன்' பம்பில், கீழே சுழலும் கேம் தண்டுக்குத் தனியாக எஞ்சின் ஆயில் போகும். அதனால் அவை கொஞ்சம் முரட்டு ஆள்கள். சுற்றிச் சுற்றிப் பங்கிட்டுக் கொடுக்கும் 'ரோட்டரி' பம்பும் காமன் ரெயில் உயர் அழுத்தப் பம்பும் பெரும்பாலும் டீசலை மட்டுமே நம்பியவை. வழவழப்பு குறைந்தால் முதலில் அடிபடுவது இவைதான்.

கெட்டியாக இருந்தால் வழவழப்பா?

நம்மிடையே புழங்கும் பெரிய குழப்பம் இதுதான். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து "தண்ணி மாதிரி இருக்கு, இதுல என்ன சத்து" என்று சொல்வார்கள். பிறகு கெட்டியான எண்ணெய் எதையாவது கலப்பார்கள்.

மோதிரம் விரலில் இறுகிக்கொண்டால் என்ன செய்கிறோம்? சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழற்றுகிறோம். சவர்க்காரத் தண்ணீர் ஏறக்குறைய வெறும் தண்ணீரைப் போலத்தான் ஓடும். சீனிப் பாகு அதைவிடப் பல மடங்கு கெட்டி. ஆனால் பாகைத் தடவி யாரும் மோதிரம் கழற்றுவதில்லை. ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம் பாகுநிலை. நெருக்கி அழுத்தப்பட்ட இரண்டு பரப்புகளுக்கு நடுவே படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கும் குணம் மசகுத்திறன். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று கட்டாயம் இல்லை.

இந்த ஒப்பீட்டை நான் சும்மா எடுக்கவில்லை. சவர்க்காரமும் டீசலுக்கான மசகுச் சேர்மானமும் உறவுக்காரர்கள். இரண்டும் கொழுப்பமிலத்திலிருந்து வருபவை. கொழுப்பமில மூலக்கூறுக்கு ஒரு முனையில் ஆக்சிஜன் சேர்ந்த தலை, மறுமுனையில் நீளமான கார்பன் வால். தலைப்பக்கத்தில் மின்னேற்றம் சமமாகப் பரவாமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். இப்படிப்பட்டதை முனைவுள்ள மூலக்கூறு என்பார்கள். அந்தத் தலை உருக்குப் பரப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கமாக நின்று ஒரு மெல்லிய படலம் ஆகின்றன. பிளஞ்சர் வேகமாக ஓடும்போது நடுவில் ஓடுகிற டீசலே இரண்டு பரப்புகளையும் பிரித்து வைக்கும். வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, திரவம் பிதுங்கி வெளியேறிவிடும் நேரத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது இந்தப் படலம் மட்டும்தான்.

இதுவரை பார்த்தது: பம்ப் டீசலை நம்பித்தான் உயிர்வாழ்கிறது. அதைக் காப்பது டீசலின் கெட்டித்தனத்தைவிட, டீசலில் கொஞ்சமே கொஞ்சம் கலந்திருக்கும் முனைவுள்ள மூலக்கூறுகள்.

கந்தகத்தின் மேல் விழுந்த பழி

கந்தகம்தான் டீசலின் எண்ணெய்ப்பசை என்று பலர் நம்புகிறார்கள். நடந்தது வேறு. சுத்திகரிப்பு ஆலையில் கந்தகத்தைப் பிரிக்க, சூடான டீசலை உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து ஒரு வினையூக்கியின் மேல் ஓட விடுகிறார்கள். கந்தகம் வாயுவாகக் கழன்று வெளியேறும். அதே உலையில், யாரும் துரத்தச் சொல்லாத வேறு சிலவும் சேர்ந்து போய்விடும்: இயற்கையாகவே டீசலில் இருந்த ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த முனைவுள்ள சேர்மங்கள். உலோகத்தைப் பிடித்து நின்றவை அவைதான். கந்தகம் போன அதே நேரத்தில் வழவழப்பும் போனதால் பழி கந்தகத்தின் தலையில் விழுந்தது.

இதை முதலில் அடிபட்டுத் தெரிந்துகொண்ட நாடு சுவீடன். 1990களின் தொடக்கத்தில் கந்தகம் வெகுவாகக் குறைந்த டீசலை அங்கே விற்பனைக்கு விட்டார்கள். ரோட்டரி பம்புகள் சீக்கிரமே தேய்ந்து போகத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் மசகுத்திறனை அளக்கப் பொதுவான சோதனையும், சேர்மானம் கலக்கும் வழக்கமும் உலகம் முழுக்கப் பரவின.

நம் நாட்டில் முன்பு இருந்த யூரோ 2எம் என்ற எரிபொருள் தரத்தில், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்க அனுமதி இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் யூரோ 5 கட்டாயமானது. உச்சவரம்பு 10 பங்கு. ஆக, 'கந்தகத்த எடுத்துட்டான்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. எடுத்த பிறகு என்ன சேர்த்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு குண்டில் விழும் தழும்பு

மசகுத்திறனைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. அதற்கான சோதனைக்கு ஹெச்.எஃப்.ஆர்.ஆர். என்று பெயர். 2 மில்லி டீசலை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி 60 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். அதில் மூழ்கியிருக்கும் உருக்குத் தகட்டின் மேல் 6 மில்லிமீட்டர் உருக்குக் குண்டு ஒன்றை 200 கிராம் எடை வைத்து அழுத்தி, வினாடிக்கு 50 முறை, 1 மில்லிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் உரச விடுவார்கள். 75 நிமிடம் கழித்துக் குண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அதன் அடியில் வட்டமாக ஒரு தேய்மானத் தழும்பு தெரியும். அதன் விட்டம்தான் விடை. எண் சிறியதாக இருந்தால் டீசல் நல்லது.

ஐரோப்பிய விதி 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அமெரிக்க விதி 520 வரை விடுகிறது. கந்தகம் நீக்கி ஒன்றும் சேர்க்காத டீசல் பெரும்பாலும் இந்த இரண்டையும் தாண்டிவிடும்; 600-ஐத் தொடுவதும் உண்டு.

பாட்டிலில் "மசகு 3 மடங்கு" என்று போட்டிருந்தால், எதை எதால் அளந்த மூன்று மடங்கு என்று கேளுங்கள். இந்தத் தழும்பின் மைக்ரான் கணக்கைக் காட்டாத எந்த மடங்கும் விளம்பரம்தான்.

நம் டீசலில் ஏற்கெனவே இருப்பது

ரோட்டில் குலை ஏற்றிப் போகிற லோரியைப் பாருங்கள். அது சுமக்கும் பழத்திலிருந்து வந்த எண்ணெய் அந்த லோரியின் டீசல் தொட்டியிலும் இருக்கிறது. செம்பனை எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் கிளிசரின் பிரிந்து, மெத்தில் எஸ்டர் என்ற மெல்லிய எண்ணெய் கிடைக்கும். பயோடீசல் என்று நாம் சொல்வது அதைத்தான். 2011-இல் 5 சதவீதம் கலக்கத் தொடங்கினார்கள். பிறகு 7 ஆனது. 2019-இலிருந்து போக்குவரத்துக்கான டீசலில் 10 சதவீதம். அதே ஆண்டில் தொழில்துறைக்கு விற்கும் டீசலிலும் 7 சதவீதம் வந்தது. எண்ணெய் நிலையத்தில் பி10, பி7 என்று எழுதியிருப்பதில் உள்ள எண் இந்தச் சதவீதம்தான்.

அந்த எஸ்டரின் உருவத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன் சேர்ந்த ஒரு தலை, நீண்ட வால். மேலே சொன்ன அதே ஆள். போதாக்குறைக்கு, எஸ்டரைச் சுத்தம் செய்யும்போது முழுசாகப் போகாமல் தங்கிவிடும் கொழுப்பமிலமும் மோனோகிளிசரைடும் வழவழப்பு கொடுப்பதில் எஸ்டரைவிடக் கெட்டி. மசகுச் சேர்மானம் தயாரிக்கும் நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கலப்பதும் இதே குடும்பத்துச் சரக்கைத்தான்.

எவ்வளவு போதும்? வறண்ட டீசலில் 1 சதவீதம் எஸ்டர் விட்டாலே தழும்பு பெரும்பாலும் 460-க்குள் வந்துவிடும். 2 சதவீதம் தாராளம். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் உலோகத்தில் உட்கார இடம் இல்லாத மாதிரி பலன் தேங்கிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 60 லிட்டர் தொட்டியை பி10 டீசலால் நிரப்பினால் அதில் சுமார் 6 லிட்டர் செம்பனை எஸ்டர் இருக்கும். பி7 என்றாலும் 4 லிட்டருக்கு மேல். தேவையோ 1.2 லிட்டர். மசகுச் சேர்மானத்தை ஆலைகளில் பத்து லட்சத்தில் 50 முதல் 250 பங்குவரை கலப்பது வழக்கம். அந்த 60 லிட்டருக்கு உச்ச அளவு போட்டாலும் சுமார் 15 மில்லி. 6 லிட்டர் ஏற்கெனவே நிற்கும் இடத்தில் இந்த 15 மில்லி புதிதாகப் போய் என்ன செய்துவிடும்?

என் கருத்தைக் கேட்டால், எண்ணெய் நிலையத்தில் பி7, பி10 நிரப்பும் எந்த வண்டிக்கும் மசகுக்காக மட்டும் பாட்டில் வாங்குவது வீண் செலவு. பாட்டில் கெட்டது என்று சொல்லவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செம்பனை முன்பே செய்து முடித்துவிட்டது.

கைக்குக் கிடைத்ததை ஊற்றுவது

2டி எண்ணெய் மோட்டார் சைக்கிளின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் செய்தது. அது கெட்டித்தனத்தைக் கூட்டும். உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகள் அதில் குறைவு. பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றும் பழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. கரி, உலோகத்தூள், கால்சியம் எல்லாவற்றையும் மைக்ரான் இடுக்குக்குள் அனுப்பும் வேலை அது, வேண்டவே வேண்டாம்.

சமையல் எண்ணெய் சுவாரசியமான விஷயம். அதற்கு வழவழப்பு நிச்சயம் உண்டு, ஏனென்றால் அதுவும் கொழுப்பமிலச் சங்கதிதான். ஆனால் 40 டிகிரியில் அதன் பாகுநிலை டீசலைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். நோசல் அதைப் பொடியாகத் தூவ முடியாமல் சொட்டாக விடும், முனையில் கரி கட்டும். அந்தக் கெட்டித்தனத்தைக் குறைக்கத்தான் மெத்தனால் போட்டு எஸ்டராக மாற்றுகிறார்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது நேர் எதிர்த் தவறு. அது மெல்லியது, வறண்டது, இரண்டும் சேர்ந்தது. சீட்டேன் கூட்டும் பாட்டில்கள் வேறு துறை. அவை டீசல் பற்றிக்கொள்ளும் வேகத்தைப் பார்ப்பவை, தேய்மானத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இதுவரை பார்த்தது: மசகுத்திறனுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, நம் டீசல் செம்பனை எஸ்டரின் தயவால் அந்த வரம்புக்குள் நிற்கிறது, கெட்டியாக எதையாவது ஊற்றுவது உதவாது.

அப்படியானால் பம்ப் ஏன் போகிறது?

போகத்தான் செய்கிறது. தோட்டத்து வண்டிகளில் நிறையவே போகிறது. காரணம் தெரிய வேண்டுமானால் வண்டியின் டீசல் ஃபில்டர் கிண்ணத்தை அடியில் திறந்து, முதலில் வருவதை ஒரு கண்ணாடி போத்தலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாகவோ பழுப்பாகவோ கொழகொழவென்று ஒரு தோல் தெரிந்தால் அது நுண்ணுயிர். டீசலைத் தின்று, தண்ணீரில் வாழ்கிறது. போத்தலை வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளித்தூள் மாதிரி மினுக்கினால் பம்ப் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கழற்றிய பிளஞ்சரும் கதை சொல்லும். தண்ணீர் செய்த வேலை பழுப்பு நிறத்தில், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். மண்தூசு செய்தது நீளவாக்கில் கீறலாக இருக்கும். இந்த இரண்டு அடையாளங்களையும் வைத்துக்கொண்டு "டீசல் வறண்டு போச்சு" என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் டிரம்மிலிருந்து. செங்குத்தாக நிறுத்திய டிரம்மின் மேல்மூடியில் மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மாலை மழையில் டிரம் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலையில் வருமாறு திருப்பி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பாதி காலியாகக் கிடக்கும் ஸ்கிட் டேங்கில் (தோட்டத்தில் டீசல் சேமிக்கும் பெரிய தொட்டியில்) காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். அதற்கு அடி வால்வைத் தவறாமல் திறந்து வடிப்பது ஒன்றே வழி.

இதில் எஸ்டருக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது வெறும் டீசலைவிட அதிகமாகத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும், பழைய தொட்டியில் ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். வழவழப்பு தருவதும் அதே பொருள், பராமரிப்பு கேட்பதும் அதே பொருள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜென்செட்டில் பி10-ஐ நிரப்பி மறந்துவிடாதீர்கள்.

உண்மையிலேயே வாங்க வேண்டிய இடம்

எஸ்டர் கலக்காத, கந்தகம் நீக்கிய டீசலை மொத்தமாக வாங்கிச் சேமிப்பவர்களுக்கு மசகுச் சேர்மானம் தேவைப்படலாம். ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய் டீசல் என்ற புதுச் சரக்குக்கும் அப்படித்தான்; தாவரத்திலிருந்து வந்தாலும் அதன் ஆக்சிஜன் தலையை ஆலையிலேயே வெட்டிவிடுகிறார்கள், ஆகவே அது வறண்டது.

சேர்மானத்தில் முக்கியமாக இரண்டு வகை. அமில வகை, நேரடியாகக் கொழுப்பமிலம். விலை குறைவு, வேலை நன்றாகச் செய்யும். எஸ்டர் வகை, கொழுப்பமிலத்தைக் கிளிசரின் போன்ற ஒன்றோடு இணைத்தது. கொஞ்சம் விலை கூடுதல். அமில வகைக்கு ஒரு பலவீனம்: காரத்தைக் கண்டால் வினைபுரிந்து நிஜமாகவே சவர்க்காரம் ஆகிவிடும். தொட்டி அடித் தண்ணீரில் சோடியம் இருந்தாலோ, எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம் காரச் சேர்மானம் பம்ப் வழியாக டீசலில் கசிந்தாலோ, அந்தச் சவர்க்காரம் ஃபில்டரை அடைக்கும், நோசலுக்குள் ஊசியை ஒட்ட வைக்கும். எஞ்சின் ஆயிலில் ஓடும் பழைய இன்லைன் பம்ப் வைத்திருப்பவர்கள் எஸ்டர் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, எஸ்டர் இல்லாத டீசலில் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் தழும்பு எத்தனை மைக்ரான் என்பது. அந்தத் தாள் இருந்தால் மற்றதைப் பேசலாம். தண்ணீரைக் 'கரைத்துவிடும்' என்று பெருமையாக எழுதியிருந்தால் தள்ளி வையுங்கள். ஃபில்டர் பிரித்து நிறுத்த வேண்டிய தண்ணீரைப் பால் மாதிரி டீசலோடு கலந்து பம்புக்குள் அனுப்பும் சரக்காக அது இருக்கலாம், காமன் ரெயிலுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

வாங்கினால், சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். உலோகப் பரப்பு நிறைந்த பிறகு மிச்சம் எல்லாம் தண்ணீரைப் பிடிக்கவும் படிவு கட்டவும்தான் உதவும். முதலில் சேர்மானத்தைத் தொட்டியில் விட்டு, அதன் மேல் டீசலை நிரப்புங்கள். ஊற்றுகிற வேகத்திலேயே கலந்துவிடும்.